தங்கம் போயிற்று, தூசி நிற்கிறது

கோலார் தங்கவயலில் பிறந்த பொறியியல் அறிவு பூடான் மலைகள் வரை பயணம் செய்தது. ஊர் நடுவே நிற்கும் சயனைடு மேடுகளுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

காற்று திசை மாறினால் ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. கொடியில் காயும் துணிகள் வீட்டுக்குள் போகின்றன. தண்ணீர்க் குடத்தின் மேல் தட்டு ஏறுகிறது. கோடைக் காற்றில் மாவு போலப் பறந்துவரும் அந்தத் தூசியின் ஊற்று ஊரைச் சுற்றி நிற்கும் 13 குன்றுகள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அவை இயற்கையான மேடுகள். உள்ளூர்க்காரர் வாயில் அவற்றுக்கு ஒரே பெயர்தான்: சயனைடு மேடு.

தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பூமிக்கடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த பாறைதான் இது. அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்துக்கொண்ட பின் மிஞ்சிய சக்கை. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆனால் நுரையீரலில் படியும் நுண்ணிய சிலிக்கா சிதையாது. மழைநீர் பட்டால் அமிலம் கசியவிடும் கந்தகக் கனிமங்களும் அப்படியே கிடக்கின்றன. மேடுகளில் இருப்பது சுமார் 3.3 கோடி டன். ஒரு டன்னில் இன்னும் ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கிராம்தான் இப்போது ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப் போகிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றபோது இது வறண்ட பொட்டல் காடு. வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சுரங்கத்தில் இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலை செய்தவர்கள் எண்ணிக்கை 30,000ஐ எட்டியது. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விரித்ததும், அவருடைய 'தமிழன்' இதழுக்கு இங்கே வாசகர் வட்டம் உருவானதும் அந்த வியர்வையின் மேல்தான். மைசூர் அரசு 1956இல் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த பாறை, கடைசிக் காலத்தில் சில கிராம்தான் கொடுத்தது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்துவிட்டு, 2001 மார்ச் 1 முதல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

மூடியது ஒரு கதை. மூடிய விதம் வேறு கதை. சுரங்கத்தை மூடும்போது நிலத்தை, நீரை, கழிவு மேடுகளை, வேலையிழந்தவர்களை என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் 2003ஆம் ஆண்டு விதித் திருத்தத்தோடுதான் வந்தது. தங்கவயல் இரண்டே ஆண்டில் அந்தச் சட்டத்தைத் தவறவிட்டது.

அறிவு இல்லாமல் இந்த நிலை வரவில்லை என்பதுதான் வேதனை. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று சாம்பியன் ரீஃப். 3,200 மீட்டர் வரை இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுற்றியுள்ள பாறையின் எடை தாங்காமல் சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறும். தொழிலாளர்கள் அதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். அது நடந்த இரவுகளில் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன. பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினார்கள்.

இந்த எமனை எதிர்கொள்ளத்தான் பொறியாளர்கள் ஒன்றுகூடினார்கள். கோலார் தங்கவயல் சுரங்க, உலோகவியல் சங்கம் பல பத்தாண்டுகள் வெளியிட்ட சஞ்சிகையில் பக்கம் பக்கமாகப் பாறை வெடிப்பு ஆராயப்பட்டது. எங்கே வெடித்தது, எந்தத் தூணை விட்டுவைத்தபோது வெடித்தது, எந்த வரிசையில் வெட்டினால் அடங்கியது என்று தொழில் ரகசியமாகப் பூட்டிவைக்க வேண்டியதைச் சங்கம் அச்சில் போட்டது. வெட்டிய இடத்தைக் கருங்கல் சுவர்களால் நிரப்பிய பழைய முறை போய், கான்கிரீட் வந்தது. அங்கங்கே தனித்தனித் தூண்களை விட்டுச் செல்வதே ஆபத்து என்பது புரிந்து, வெட்டும் ஒழுங்கே மாறியது. 1955இல் இதற்கென்றே ஒரு சிறப்புக் குழுவின் அறிக்கையும் வந்தது. அடுத்த கட்டமாக, பாறையின் முனகலைக் கேட்க நில அதிர்வுக் கருவிகள் பொருத்தப்பட்டன.

அந்த அனுபவத்தின் வாரிசாக 1988இல் தங்கவயலிலேயே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அணைகள், சுரங்கப் பாதைகள், பூமிக்கடியில் அமையும் மின்நிலையங்கள் என்று அதன் பணி விரிந்தது. பூடானில் இந்தியா கட்டிக்கொடுத்த தாலா நீர்மின் நிலையத்தின் பாறைக் குகையில் போல்ட்டுகள் அறுந்து தெறித்தபோது, நுண் அதிர்வுகளைக் கண்காணிக்க இந்த நிறுவனத்தின் வல்லுநர்கள்தான் போனார்கள். சாம்பியன் ரீஃபில் உயிர்களைக் காவு கொடுத்துக் கற்ற பாடம் இமயமலையில் ஓர் அண்டை நாட்டுக்கு உதவியது. நிறுவனத்தின் தலைமையிடம் பின்னாளில் பெங்களூருக்குப் போய்விட்டது.

எல்லை கடந்த கூட்டுறவு தங்கவயலுக்குப் புதிதல்ல. 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தன. அதற்கும் முன்னால், 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருவிளக்குகள் 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கம்பிக்குப் பின்னால் ஓர் ஆற்றுப் பிரச்னையும் ஓடியது. சுரங்கங்களுக்கு ஆண்டு முழுவதும் தடையில்லாத மின்சாரம் தேவை. அதற்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் தேவை. 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியதற்கு, பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம். திட்டத்தை வகுத்த தலைமைப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. கீழ்மடை சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. வழக்காடி, வாதாடி 1924இல் ஒப்பந்தம் முடிந்தது. காவிரிப் பிணக்கின் பக்கங்களில் தங்கவயலுக்கும் ஒரு வரி உண்டு.

காவிரியைவிட நெருக்கமான ஆறு பாலாறு. நந்திமலைப் பக்கம் பிறந்து, தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரியைத் தொட்டு, ஆந்திரத்தில் நுழைந்து, வேலூர் வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. 1892ஆம் ஆண்டு மைசூர், சென்னை ஒப்பந்தத்தின் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்கிறது. தங்கவயல் மேட்டிலிருந்து கரைவது எதுவானாலும் இந்தப் படுகையின் கவலைதான். ஆனால் மூன்று மாநிலப் பொறியாளர்களும் பாலாற்றைப் பற்றிச் சந்திப்பது பெரும்பாலும் நீதிமன்ற வாசலில், எதிரெதிர்த் தரப்பில்.

இந்த இடத்தில்தான் தொழில்முறை அமைப்புகளின் பக்கம் கண் திரும்புகிறது. 1920இல் சென்னையில் பதிவு பெற்று, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்துக்கு மாநிலந்தோறும் மையங்கள் உண்டு. இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட அண்டை நாடுகளின் அமைப்புகளோடு அது தெற்கு, மத்திய ஆசியக் கூட்டமைப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15ஐப் பொறியாளர் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். வளங்குன்றா வளர்ச்சி அந்த மேடைகளின் விருப்பமான தலைப்பு. அரசு சாராமல், கம்பெனி சாராமல், மூன்று மாநிலத்தாரும் உறுப்பினராக இருக்கும் அமைப்பு வேறு எத்தனை உண்டு? மேடுகளின் தூசியை அளப்பதும், கசிவு எங்கே போகிறது என்று கிணறு கிணறாகப் பார்ப்பதும், கிடைத்ததைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வெளியிடுவதும் அவர்களால் ஆகாத காரியம் அல்ல. பழைய சுரங்கச் சங்கம் ஏர் பிளாஸ்ட் விஷயத்தில் செய்தது அதைத்தான்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் 1,003 ஏக்கரில் பரவிய 13 மேடுகளையும் மறுபடி கரைத்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முறையாகச் செய்தால் இது இரட்டை லாபம். தூசி மேடு கரையும், ஊருக்கு வேலை கிடைக்கும். ஏனோதானோ என்று செய்தால் செடி முளைத்து இறுகிக் கிடக்கும் மேலோடு உடைந்து, முன்னைவிடத் தூசி எழும்பும். கரைப்பதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். கோலாரோ, பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை 2018 முதல் வாங்கி ஏரிகளை நிரப்பும் வறட்சி மாவட்டம். கரைத்தெடுத்த பிறகும் சக்கை சக்கைதான். அதை எங்கே, எந்த அடித்தளத்தின் மேல் கொட்டப் போகிறார்கள் என்பதே முதல் கேள்வி. தண்ணீர் நிரம்பிய பழைய சுரங்கங்கள், மூடிய பின்னும் அவ்வப்போது அதிர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்று தங்கவயல் விடியும் முன்பே விழித்துக்கொள்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் வேலைக்குப் போகும் கூட்டம் நெரிகிறது. தாத்தா ஷாஃப்டில் கீழே இறங்கினார், பேரன் ரயிலில் ஊரை விட்டு இறங்குகிறான். பாறை எப்போது வெடிக்கும் என்று மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் காது வைத்துக் கேட்ட ஊர் இது. தரைக்கு மேலே, கண்ணெதிரே நிற்கும் மேட்டுக்கு ஒரு வழி சொல்ல அந்தப் பொறியியலுக்கு முடியாதா என்ற கேள்வியோடு, பேரனின் அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள்.