பரணில் உறங்கும் வால்வு ஓசை
கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா தம் வாலிபத்தில் கிதார் வாசித்த காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா?

1961-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றபின் மலாய்த் தீபகற்பத்து இளைஞர்களைப் பற்றிக்கொண்ட கிதார் மோகத்தில் பிறந்து, பாப் யே யே என்று பெயர் பெற்ற அந்தச் சங்கீதத்திற்கு வசீகரம் தந்தவை, இத்தகைய ஆம்ப்ளிஃபயர்களில் கண்ணாடிக் குமிழுக்குள் செந்தணலாய்க் கனலும் வால்வுகளே. சக்திக்கு மீறி முடுக்கினாலும், ஓசை சட்டென்று உடையாமல், பழம் பழுப்பதுபோல் மெல்லக் கனிவது அவற்றின் விசேஷம். அந்த இனிமைக்கு ஈடு இன்றும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால், ஆசை மிகுதியால் அந்த ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை உடனே சுவரில் செருகிவிடாதீர்கள். பல்லாண்டுக் காலம் மின்சாரம் காணாத கெப்பாசிட்டர்கள் உள்ளுக்குள் பலவீனமடைந்திருக்கும். திடீரென்று முழு மின்னழுத்தம் பாய்ந்தால் அவை வெடிக்கலாம், மாற்றுக் கிடைப்பதற்கரிய டிரான்ஸ்ஃபார்மரும் கருகிப்போகலாம். அனுபவசாலிகள் அந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டு, மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக உயர்த்தியே ஆம்ப்ளிஃபயருக்கு உயிரூட்டுவார்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு அபாயமான மின்சாரம் அந்தக் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெட்டியை நீங்களே திறக்காமல், வால்வு வேலை அறிந்த ஒருவரிடம் பத்திரமாக ஒப்படையுங்கள்.