சின்னத்திரையும் நம் வீட்டுத் தமிழும்

நமது சங்கத்தின் திங்களிதழில் எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் இலக்கியம், திருத்தலம், பெரியோர் வரலாறு என்று உயர்ந்த பொருள்களையே எடுத்துக்கொள்கின்றனர். நாமோ ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைகளை எடைபோட்டு வே-பில் எழுதும் குமாஸ்தா. நமது படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆகையால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி எழுதுவதே முறை. பணி முடிந்து வந்து கைகால் கழுவியபின் நாம் நாள் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அதுதான் தொலைக்காட்சி பார்ப்பது. இதைச் சொல்லிக்கொள்ள நமக்கு வெட்கமில்லை. ஆனால் எதைப் பார்த்தோம், அதனால் வீட்டுக்குள் என்ன வந்தது என்று எடைபோட்டுப் பார்ப்பது நம் தொழிலோடு ஒட்டிய பழக்கம் அல்லவா!

நம் தந்தையாரும் ரயில்வே ஊழியர். இளமையில் இந்த நாகபுரிக்கு மாற்றலாகி வந்தவர். அந்நாளில் தூர்தர்ஷன் ஒன்றுதான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே தொடங்கப்பட்டுவிட்டது எனினும், அதன் ஒளிபரப்பு இவ்வளவு தொலைவு எட்டாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாநில மொழிப் படம் ஒன்று காட்டுவார்கள். தமிழின் முறை வரும் நாளில், குடியிருப்பில் பெட்டி வைத்திருந்த ஒரே தமிழர் வீட்டில் அத்தனை குடும்பங்களும் கூடுமாம். படம் சோகப் படமாயிருந்தாலும் முகத்தில் மகிழ்ச்சி குறையாதாம். தமிழைக் கேட்டதே போதும் என்றிருந்த காலம் அது.

தந்தையார் மிகவும் விரும்பிப் பார்த்த தொடர் ‘மால்குடி டேஸ்’. ஆர். கே. நாராயணன் கதைகளைச் சங்கர் நாக் இயக்கி 1980-களில் தூர்தர்ஷனில் வந்தது. பேச்சு இந்தியிலிருந்தாலும் அந்த வீதியும் திண்ணையும் தாத்தாவும் பேரனும் நம்மவர்களே. எல். வைத்தியநாதன் அமைத்த அதன் இசை வீட்டில் ஒலித்தால் தந்தையார் செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார். பெரும்பகுதி கர்நாடகத்து ஆகும்பேயில் படமாக்கப்பட்டது. மால்குடி ஸ்டேஷனாகக் காட்டப்பட்டது அங்குள்ள அரசாளு என்னும் சிறு ஸ்டேஷன். அங்கே 2020-இல் ரயில்வேத் துறையே ‘மால்குடி’ அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. ஒரு கதைக்காக ஸ்டேஷனுக்குப் பெருமை சேர்த்த செயல் ரயில்வேக்காரனாகிய நமக்கு இன்றும் மார்பை நிமிர்த்தச் செய்கிறது.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. வெளி மாநிலத் தமிழர் வீடுகளில் அதன்பின் ஏற்பட்ட மாறுதலை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் அப்போது சிறு பிள்ளை. நமக்கு முதலில் வாய்த்த ஆசான் பி. எச். அப்துல் ஹமீது அவர்கள். இலங்கை வானொலியில் புகழ்பெற்ற அப்பெரியார் சன் தொலைக்காட்சியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தினார். அவர் குறிக்கும் எழுத்தில் தொடங்கும் பாட்டைப் போட்டியாளர் பாடவேண்டும். வடநாட்டுப் பிள்ளைகள் ஆடும் அந்தாட்சரியும் இத்தகையதே. ஜீ தொலைக்காட்சியில் அன்னு கபூர் நடத்திய அந்தாட்சரியும் 1993-இல்தான் தொடங்கியது. ஆனால் ஹமீது அவர்களின் உச்சரிப்பு இருக்கிறதே, அது வேறெங்கும் கிடையாது. லகரமும் ளகரமும் ழகரமும் அவர் நாவில் தனித்தனியே நின்று பேசும். விசு அவர்கள் ஊர் ஊராகச் சென்று நடத்திய ‘அரட்டை அரங்க’மும் அப்படியே. பெயர்தான் அரட்டை, எளிய மக்கள் மேடையேறித் தம் ஊர்க்குறையை அச்சமின்றிச் சொல்லக் கேட்டோம். விசு 2020-இல் மறைந்தபோது உறவினர் ஒருவரை இழந்ததுபோல் நம் வீட்டார் வருந்தினர்.

தொடர்கதைகளைப் பற்றிக் கேட்டால் நமக்கும் நம் இல்லாளுக்கும் வழக்குண்டு. அழுகையும் சதியும் முடிவின்றி நீள்கின்றன என்பது நமது கட்சி. ‘மெட்டி ஒலி’யை மறந்துவிட்டுப் பேசாதீர்கள் என்பது அவளுடைய கட்சி. அதில் நியாயம் உண்டு. திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை வந்த அத்தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் கதையைச் சொன்னார்கள். அத்தந்தையாக நடித்தவர் டெல்லி குமார். பெண்களைக் கட்டிக்கொடுத்த நம் குடியிருப்புப் பெரியவர்கள் அவரைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இனி, ரியாலிட்டி ஷோ என்று வழங்கும் மெய்ந்நிகழ்ச்சிகளுக்கு வருவோம். வடநாட்டில் இவற்றுக்குப் பெரிய வாசலைத் திறந்தது 2000-ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் தொடங்கிய ‘கௌன் பனேகா க்ரோர்பதி’. அறிவுக்குப் பணம் தருகிறார்களே என்று பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவு நூல்களைத் தேடி ஓடினர். அதே அமைப்பில் ராதிகா சரத்குமார் பெண்களுக்கென்றே நடத்திய ‘கோடீஸ்வரி’யில், 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற மதுரைப் பெண்மணி ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றார். அன்றிரவு நம் வீட்டில் எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச்சு இல்லாமலே பேச்சாளர்களை வென்ற அம்மையாரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தகைய நிகழ்ச்சிக்கு நமது தராசில் எடை அதிகம்.

‘நீயா நானா’ 2006 முதல் வருகிறது. கோபிநாத் இருதரப்பையும் பேசவிட்டு நடத்துவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தக்க விருந்து. மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் அமர்ந்து மனத்திலுள்ளதை வெளியில் வைக்கும்போது, நம் வீட்டில் மூடிக்கிடந்த சில பேச்சுகளும் மெல்லத் திறந்துகொண்டன. ‘குக்கு வித் கோமாளி’ 2019 நவம்பரில் தொடங்கியது. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்த்துவிடும் வேடிக்கை அது. தொடக்கத்தில் நடுவர்களாயிருந்த தாமுவும் வெங்கடேஷ் பட்டும் பிள்ளைகளோடு பிள்ளைகளாகச் சிரித்தனர். நோய்த்தொற்றுக் காலத்தில் ரயில்கள் நின்று, ஊர் முகம் பாராமல் அடைபட்டிருந்த நமக்கு அச்சிரிப்பு மருந்தாயிற்று என்றால் மிகையன்று.

‘பிக் பாஸ்’ பற்றி நமது அபிப்பிராயம் வேறு. நெதர்லாந்தில் 1999-இல் பிறந்த ‘பிக் பிரதர்’ இந்தியில் 2006-இலும் தமிழில் 2017-இலும் வந்தது. ஒரு வீட்டில் பலரை அடைத்து, வெளியுலகச் செய்தி எட்டாமல் செய்து, எங்கு நோக்கினும் கேமராக்களை வைத்தால் சண்டை மூளாமல் என்ன செய்யும்? நெருக்கியடித்து ஏற்றிய பார்சல் வண்டியில் மூட்டை கிழிவது இயற்கை. ஆயினும் நடுநிலை தவறாமல் ஒன்று சொல்லவேண்டும். முதல் ஏழு பருவங்களை நடத்திய கமல்ஹாசன், 2020-இல் வந்த நான்காம் பருவத்தில் வாரக் கடைசியில் நூல்களை அறிமுகம் செய்யலானார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் வேளையில் ஒரு தமிழ் நூலின் பெயர் ஒலித்தது சிறிய காரியமன்று. நாம் முதல் பருவத்தை முழுதும் பார்த்தோம். பிற்பாடு நம் பிள்ளைகள் அந்த வீட்டார்போல் ஒருவரையொருவர் ‘நாமினேட்’ செய்து விளையாடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம்.

பாட்டுப் போட்டிகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006-இல் தொடங்கியது. நம் மூத்த மகள் அதனோடேயே வளர்ந்தவள். அவளுக்கு வயது பத்து. பிறவியிலேயே நல்ல குரல். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், சிறுவர் பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்குக் குரல்தேர்வு நடப்பதறிந்து, பாஸ் எழுதிவாங்கி, ஜி. டி. எக்ஸ்பிரஸில் அவளைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். நிகழ்ச்சியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவர்கள் மீது குறை ஏதுமில்லை.

காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றோம். பிற்பகலில் உள்ளே அழைத்தனர். குழந்தை தான் பயின்ற பாட்டைப் பாடினாள். அங்கிருந்தவர்கள் தலையசைத்து மகிழ்ந்தனர். பிறகு ஒருவர் அன்போடு அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, “இதில் உள்ள நாலு வரியை இதே ராகத்தில் பாடு, கண்ணு” என்றார். குழந்தை தாளைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். “அப்பா, எனக்குப் படிக்கத் தெரியாதே” என்றாள். அவள் இதுவரை கற்ற தமிழ்ப் பாட்டு அத்தனையையும் நோட்டில் தேவநாகரி எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாள். நமக்கும் அது தெரியும். தெரிந்தே, அழகாக எழுதுகிறாள் என்று மெச்சி வந்தோம்.

அவர்கள் மறு வாய்ப்பாக வேறொரு பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. திரும்பும் வண்டியில் விஜயவாடா கடக்கும்வரை அவள் பேசவில்லை. பிறகு, “என்னைத் தமிழ்ப் பொண்ணு இல்லைன்னு நினைச்சிருப்பாங்களா அப்பா?” என்று கேட்டாள். நமக்கு விடை கூறத் தெரியவில்லை.

அன்பர்களே, அன்றிரவு மேல் பர்த்தில் உறக்கமின்றிக் கிடந்தபோது நம் தந்தையாரை நினைத்துக்கொண்டோம். நாமும் படித்தது இவ்வூர்ப் பள்ளியில்தான். அங்கே தமிழ் கிடையாது. அவர் இரவுப் பணி முடிந்து வந்த களைப்பிலும், கழித்த வே-பில் தாள்களின் பின்புறத்தில் அ, ஆ எழுதிக் கொடுத்து நம் கையைப் பிடித்து வரையச் செய்தார். அவர் காலத்தில் வீட்டில் தமிழ்த் தொலைக்காட்சி இல்லை. ஆகவே தாமே கற்பிக்கவேண்டும் என்று அறிந்திருந்தார். நம் காலத்தில் நாள் முழுதும் வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. ஆகவே பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட்டோம். செவிக்கு வந்த தமிழ் கண்ணுக்கு வரவில்லை. குற்றம் தொலைக்காட்சியுடையதும் அன்று, குழந்தையுடையதும் அன்று. அது நம்முடையதே.

வீடு வந்ததும் ‘பாட்டுக்குப் பாட்டை’ மீண்டும் தொடங்கினோம். பெட்டியில் அன்று, கூடத்தில். தடித்த அட்டைகளில் எழுத்துகளை எழுதிக் குடத்தில் இட்டோம். எடுத்த எழுத்தை முதலில் வாசிக்கவேண்டும். பிறகு அவ்வெழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடவேண்டும். பாடியதன் முதல் அடியைத் தமிழில் எழுதவேண்டும். ஒருநாள் சின்னவன் கையில் ‘ழ’ வந்தது. அக்காளும் தம்பியும் அரைமணி நேரம் தேடினர், பாட்டு அகப்படவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த அவர்கள் தாய் அடுப்படியிலிருந்து, “ழகரம் சொல்லுக்கு முதலில் வராது, நடுவிலும் கடைசியிலும் பாருங்கள்” என்றாள். அதன்பின் வாழை, மழை, தமிழ், யாழ் என்று வீடே அதிர்ந்தது. பதினைந்து ஆண்டு பார்த்தும் நமக்குத் தோன்றாத ஒன்றைக் குழந்தைகள் ஒரே மாலையில் கண்டுகொண்டார்கள்.

குரல்தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோர்க்கு ஒரு சொல். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. நிகழ்ச்சிகளில் பங்குபெறும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தலாகாது; ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் ஆகாது; தொடர்ந்து 27 நாளுக்கு மேலும் ஆகாது. குழந்தையின் பள்ளிப்படிப்பு தடைப்படலாகாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாக இடவேண்டும். நடுவர் கண் கலங்குவதையும் பின்னணி இசை உயர்வதையும் பார்த்து மயங்குமுன் இவற்றைக் கேட்டறிதல் பெற்றோர் கடமை. ஒரு நாள் முழுதும் படமெடுத்ததைச் சுருக்கித் தொகுத்தே நமக்குக் காட்டுகிறார்கள். நாம் காணும் மெய், வெட்டி ஒட்டிய மெய் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வைப்பது நல்லது.

இறுதியாகச் சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழா மேடையில் நம் குழந்தைகள் அழகாகத் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். அவர்கள் கையிலுள்ள தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எத்தனை தாள்களில் தமிழ் எழுத்து இருக்கிறது? மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கூடத்தில், குடமும் அட்டையும் வைத்துப் பாட்டுக்குப் பாட்டு நடத்துவோம். அட்டைகளை நாம் எழுதித் தருகிறோம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

நம் மகள் இப்போது பாட்டு நோட்டைத் தமிழில் எழுதுகிறாள். ணகரமும் னகரமும் இன்னும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மறுபடி சென்னைக்குப் போகலாமா என்று கேட்டோம். “அடுத்த கோடைக்குப் போகலாம் அப்பா, அந்தத் தாளை இந்தத் தடவை நானே படிப்பேன்” என்றாள். பாஸ் எழுதுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம்.