காபரேட்டர் போய் கணினி வந்தது: வண்டி 'லீன்' ஆனால் வியாபாரி செய்ய வேண்டியது என்ன?

மோட்டார் சைக்கிள் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவர்களும், கராஜ் நடத்துபவர்களும், வியாபாரத்துக்காக மோட்டார் சைக்கிளையே நம்பி இருப்பவர்களும் அறிந்து கொள்ள வேண்டிய ஒரு விடயத்தைப் பற்றி இவ்வாரம் எழுதலாம் என நினைக்கிறேன். விடயம் கொஞ்சம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஆனால் அதற்குள் இருப்பது முழுக்க முழுக்க வியாபாரக் கணக்குத்தான்.

எமது கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் அண்மைக் காலமாக அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "வண்டி இழுக்குதில்ல நானா. கைய விட்டா சைலன்ஸர்ல பட பட எண்டு வெடிக்குது. எஞ்சினும் சூடாகுது." இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், அனுபவமுள்ள பாஸ்மார் ஒரே சொல்லில் சொல்வார்கள்: "வண்டி லீன்." அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் போதுமான பெற்றோல் போகவில்லை.

இது பழைய வியாதிதான். ஆனால் மருந்துதான் மாறிவிட்டது. காபரேட்டர் காலத்தில் ஒரு ஸ்குறூ ட்ரைவரும், ஒரு இலக்கம் கூடிய ஜெட்டும் இருந்தால் வேலை முடிந்துவிடும். ஜெட் விற்ற எமக்கும் இலாபம், பூட்டிய பாஸுக்கும் கூலி, வாடிக்கையாளருக்கும் நிம்மதி. இன்று இன்ஜெக்டர் பூட்டிய வண்டியில் திருப்புவதற்கு ஜெட்டும் இல்லை, ஸ்குறூவும் இல்லை. எவ்வளவு பெற்றோல் தெளிப்பது என்பதைத் தீர்மானிப்பது ஈ.சி.யு. எனப்படும் சிறிய கணினிப் பெட்டி.

இந்த மாற்றம் எமக்குத் திடீரென வந்ததாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டு எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி இந்தியாவில் பி.எஸ்.6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்து, அங்கு விற்கப்படும் மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்டருக்கு மாறின. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது நாம் விட்ட இடத்தில் உலகம் நிற்கவில்லை. ஏற்றுமதிக்கென்று காபரேட்டர் வண்டிகளும் செய்யப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் இன்ஜெக்டர் வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. எமது கராஜ்களில் பெரும்பாலானவற்றின் அறிவோ இன்னும் ஜெட்டிலேயே நிற்கிறது.

கணக்கு இதுதான்

ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரணமாக ஓடும்போது இந்த அளவு போதும். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் இழுக்கும்போது 12.5 அல்லது 13 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் என்றவாறு பெற்றோல் கூட வேண்டும். கூடுதலாகப் போகும் பெற்றோல் ஆவியாகும்போது எஞ்சினின் உட்புறத்தைக் கொஞ்சம் குளிர வைக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் தொடர்ந்து இழுத்தால் எஞ்சின் தட்டும், வால்வு கருகும், பிஸ்டனும் கெடும்.

ஈ.சி.யு.வுக்குள் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அதைத்தான் 'மேப்' என்கிறார்கள். எமது கடைகளில் இருக்கும் விலைப்பட்டியலைப் போன்றது அது. ஒரு பக்கம் எஞ்சின் சுற்றும் வேகம், மறுபக்கம் கையைத் திருகிய அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு முறை காற்றை இழுத்து, எரித்து, புகையை வெளியேற்றி முடிக்க ஒரு செக்கனில் ஆயிரத்தில் 15 பங்கு நேரம்தான் இருக்கிறது. அதற்குள் இந்தக் கணக்கைப் பார்த்துத் தெளித்தாக வேண்டும்.

சைலன்ஸர் குழாயில் பூட்டியிருக்கும் ஒட்சிசன் சென்சர் இதற்குக் கணக்காய்வாளர். எரிந்த புகையில் ஒட்சிசன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து ஈ.சி.யு.வுக்கு அறிவிக்கும். மிச்சம் இருந்தால் பெற்றோல் கூட்டப்படும், இல்லாவிட்டால் குறைக்கப்படும். ஆனால் இந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழுக்கையும் திருகி இழுக்கும்போது பெரும்பாலான வண்டிகள் சென்சரின் சொல்லைக் கேட்பதில்லை, அட்டவணையில் உள்ளபடியே தெளிக்கும்.

கம்பனி வண்டிகள் ஏன் லீன் பக்கம் சாய்ந்து வருகின்றன என்று சிலர் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனையில் தேற வேண்டும், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். வண்டியை அப்படியே ஓட்டினால் பெரிதாகக் குறை வராது. நாம் சைலன்ஸரை மாற்றி, எயார் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டுக் காற்றைக் கூட்டும்போதுதான் அட்டவணை எழுதியவனின் கணக்குப் பிழைத்துப் போகிறது.

ஒரு துணி வியாபாரியின் கதை

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. மோட்டார் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் தவணைக்கு விற்பவர். பழைய உரிமையாளர் சத்தமான சைலன்ஸர் பூட்டிய ஓர் இன்ஜெக்டர் வண்டியை வாங்கினார். சில மாதங்களில் நான் மேலே சொன்ன மூன்று வருத்தமும் வந்தது.

முதல் கராஜில் ப்ளக் மாற்றினார்கள். அடுத்த கராஜில் கொயில். மூன்றாவது இடத்தில் இன்ஜெக்டர், அதற்குப் பிறகு பெற்றோல் பம்ப். ஒவ்வொன்றும் புதிது, ஒவ்வொன்றும் காசு. வருத்தம் மட்டும் அப்படியே. மூன்று கிழமை ஒழுங்காகச் சுற்றுக்குப் போகாததால் தவணைக் காசு சேரவில்லை. தவணைக் காசு சேராததால் துணி எடுத்த கடைக்குக் கட்ட வேண்டிய காசும் பிந்தியது. ஒரு வண்டியின் பெற்றோல் கணக்குப் பிழைத்தால் இன்னொரு கடையின் கடன் கொப்பி வரை அது போகும் என்பதை வியாபாரிகளான நாம் உணர வேண்டும்.

கடைசியில் மடிக்கணினி வைத்து வேலை செய்யும் ஓர் இளைஞனிடம் அவரை அனுப்பினேன். அவன் செய்த முதல் வேலை கணினியைத் திறப்பதல்ல. எஞ்சினை ஓட விட்டு, இன்ஜெக்டர் பக்கத்து இன்டேக் றப்பரைச் சுற்றிப் பரிசோதித்தான். றப்பரில் மயிரளவு வெடிப்பு. காற்று களவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. றப்பரை மாற்றியதும் பாதி வருத்தம் போனது. பிறகு காற்று-பெற்றோல் அளக்கும் வைட்பேண்ட் மீற்றரைச் சைலன்ஸரில் பொருத்தி ஓட்டிப் பார்த்தான். நடுக்கையில் மட்டும் லீன் காட்டியது. அது சைலன்ஸர் மாற்றியதன் விளைவு. அந்தக் கட்டங்களில் மட்டும் பெற்றோலைக் கொஞ்சம் கூட்டி மேப்பைத் திருத்தினான். வண்டி சரியாகிவிட்டது.

றப்பருக்கும் மேப்புக்கும் சென்ற செலவு, தேவையில்லாமல் வாங்கிய பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் சென்ற செலவை விடக் குறைவு. அந்தத் தம்பி இன்று வேறு எந்த கராஜுக்கும் போவதில்லை.

மேப்பில் கை வைக்கும் முன்

சைலன்ஸர் வெடித்தால் உடனே மேப் என்று ஓடுவதும் பிழை. பின்வருவனவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இன்டேக் றப்பரில் வெடிப்பு, கிளிப் தளர்வு. ஃபில்டர் அடைத்த பம்ப். அநேக வண்டிகளில் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தர வேண்டும், குறைந்தால் எந்த மேப்பும் உதவாது. அழுக்கடைந்த இன்ஜெக்டர். பலவீனமான பெற்றறி, மின்னழுத்தம் குறைந்தால் இன்ஜெக்டர் பிந்தித் திறக்கும். எஞ்சின் சூட்டை அறிவிக்கும் சென்சரின் பிழை. டாங்கியில் தண்ணீர்.

இவற்றை விடத் தந்திரமான ஒன்றும் உண்டு. சென்சருக்கு முன்னால் சைலன்ஸர் கேஸ்கட் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, வண்டி லீன் என்று சென்சர் பொய் சொல்லும். ஈ.சி.யு. அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். மேப்பையும் கூட்டினால் வண்டி பெற்றோலைக் குடிக்கும். கையை விடும்போது மட்டும் வெடிக்கும் வண்டிகளில் பல, இந்த ஒழுக்கினால்தான் வெடிக்கின்றன. ஒரு கேஸ்கட்டோடு முடியும் வேலை அது.

மேப்பைத் திருத்தும் வழிகள்

முதலாவது, கம்பனியின் சொந்தத் திருத்தம். சில மாதிரிகள் சந்தைக்கு வந்த பிறகு கம்பனிகளே மேப்பைத் திருத்துவதுண்டு. யமஹாவின் எம்.டி.-09 வண்டியின் ஆரம்ப மாதிரிகள் கையைத் திருகும்போது வெட்டி இழுக்கின்றன என்ற முறைப்பாடு எழுந்து, அடுத்து வந்த மாதிரிகளில் மேப் திருத்தப்பட்டது. ஆகவே வண்டி எந்த மாற்றமும் செய்யாத ஒரிஜினலாக இருந்தால், முதலில் ஏஜெண்டிடம் புதிய மேப் இருக்கிறதா என்று கேட்பதே முறை.

இரண்டாவது, ஈ.சி.யு.வுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் பூட்டும் பெட்டி. அமெரிக்க டைனோஜெட் கம்பனியின் பவர் கொமாண்டர், பெங்களூர் ரேஸ் டைனமிக்ஸ் கம்பனியின் ஃபியூவல்எக்ஸ் என்பன இவ்வகையின. கழற்றினால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது இதன் நன்மை.

மூன்றாவது, ஈ.சி.யு.வில் உள்ள அட்டவணையையே மாற்றி எழுதுவது. இதில் கவனம் தேவை. பழைய மேப்பை முதலில் பிரதி எடுத்து வைக்காமல் எழுத விடக்கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பெற்றறி இறங்கினால் ஈ.சி.யு.வே செத்துப்போகலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியென்றால் அதை இழக்க நேரிடும் என்பதையும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னுமொரு விடயம். இந்தியாவில் பெற்றோலில் எத்தனோல் கலக்கிறார்கள், 2025 இல் அது 20 வீதத்தை எட்டியது. அந்தக் கலவைக்கு ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 13.5 கிராம் காற்றுத்தான் வேண்டும். ஆகவே அங்குள்ளவர்கள் அதற்கேற்பப் பெற்றோலைக் கூட்டி மேப் எழுதுகிறார்கள். எமது பெற்றோலில் அந்த 20 வீதக் கலப்பு இல்லை. அங்கே எழுதிய மேப்பை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகும். செலவும் கூடும், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பது நீங்கள் அறிந்ததே.

இதற்கு நேர் எதிரான ஆசையையும் கண்டிருக்கிறேன். 2022 இல் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கொடுத்த நாட்களில், "பெற்றோலக் குறச்சுத் தாங்க" என்று கேட்டு வந்தவர்கள் பலர். ஓரளவுக்கு மேல் குறைத்தால் எஞ்சின் இழுக்காது. இழுக்காத எஞ்சினுக்குக் கையைக் கூடத் திருக வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பெற்றோல் அங்கேயே போய்விடும், வால்வு கருகினால் செலவு வேறு.

எமக்குரிய பாடம்

உதிரிப்பாகம் விற்பவர்கள் "எதை மாற்றுவோம்" என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டு "எதை அளந்தீர்கள்" என்று கேட்கப் பழக வேண்டும். பம்ப் கேட்டு வருபவரிடம் அழுத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்டால், அன்று ஒரு பம்ப் விற்காமல் போகலாம். ஆனால் விற்ற பம்ப் "சரி வரல்ல" என்று திரும்பி வந்து கடை வாசலில் வாக்குவாதமாகாது.

கராஜ் வைத்திருப்பவர்கள் ஓர் அழுத்த மீற்றர், ஒரு ஸ்கேனர், முடிந்தால் ஒரு வைட்பேண்ட் மீற்றர் என்று படிப்படியாக வாங்கலாம். தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று கராஜ்கள் சேர்ந்து வாங்கலாம். பரிசோதனைக்கென்று தனிக் கூலி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைத்தியர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் கட்டணம் வாங்குகிறார்தானே. எந்த மேப் போடப்பட்டது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கூட்டப்பட்டது என்பதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். நாளை வண்டி கை மாறினாலும் அந்தத் துண்டு உங்கள் பெயரைக் காப்பாற்றும்.

வீட்டில் கணினியோடு பொழுது போக்கும் பிள்ளை இருந்தால், அவனைக் கராஜுக்கும் கூட்டிப் போங்கள். கிறீஸ் பிடித்த கையும் கணினி தெரிந்த மூளையும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால், அந்தக் கராஜுக்கு இனி வரும் காலத்தில் வேலை குறையாது.