அரை மணி நேர நெடி, ஒரு நாள் சராசரி

சென்னையில் இன்று பக்கத்து மனையில் இடிப்போ பைலிங்கோ பூச்சு வேலையோ நடக்காத தெருவைப் பார்ப்பது அரிது. அண்ணா நகரிலும் அசோக் நகரிலும் மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த சிறு குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அதே மனையில் ஸ்டில்ட்டும் அதன் மேல் ஐந்து தளங்களும் எழுகின்றன. இந்த வேலைகளால் வரும் தூசியைப் பற்றியும் இரைச்சலைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள், விதிகளும் இருக்கின்றன. கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத் தடுப்பு கட்ட வேண்டும் என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட தூசிக் கட்டுப்பாட்டு அறிவிக்கை சொல்கிறது. தூசி கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்தால் கையில் ஒட்டுகிறது. நெடி அப்படிப்பட்டதில்லை. அரை மணி நேரம் வந்து தொண்டையைக் கமறவைத்துவிட்டுப் போய்விடும். அதை அளக்க வேண்டிய சட்டமோ பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரியையும் ஆண்டுச் சராசரியையுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நெடி வந்த பிறகு புகார் கொடுத்து நிவாரணம் பெறும் வழி பெரும்பாலும் அடைபட்ட வழிதான். எந்த நாளில், எந்தப் பொருளை, எத்தனை மணிக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று தெருவாசிகளுக்கு முன்கூட்டியே சொல்லும் கடமையைக் கட்டுபவர் மேல் சுமத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

ஒரு கட்டடம் எழும் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக்கு வந்து சேரும் நெடி ஒரே வகையானதல்ல. கடைக்கால் எடுத்து பிளிந்த் மட்டம் வந்ததும் முதலில் வருவது கரையான் மருந்து. பெரும்பாலும் குளோர்பைரிபாஸ், ஆர்கனோபாஸ்பேட் இனத்தைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. ஒரு லிட்டர் மருந்தை 19 லிட்டர் தண்ணீரில் கலந்து, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் மண்ணில் ஊற்றுவது முறை. இரண்டு கிரவுண்டு மனையில் பாதியைக் கட்டடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 220 சதுர மீட்டர். அதற்கு ஆயிரத்து நூறு லிட்டர் கலவை வேண்டும். அதில் மருந்து மட்டும் ஐம்பத்தைந்து லிட்டர். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கிணறும் போரும் இருக்கும் ஊர் இது. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் சைலீன் வகைக் கரைப்பான்தான் முதலில் ஆவியாகி ஜன்னலுக்குள் வருகிறது. பிறகு மாதக்கணக்கில் டீசல் ஜெனரேட்டர் புகை. இடையிடையே சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் சிமெண்ட் சாக்குகளையும் மூலையில் குவித்துக் கொளுத்தும் புகை. மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்யும்போது கேஸ் டார்ச்சால் தார் ஷீட்டை உருக்கி ஒட்டும் நெடி. கடைசி மூன்று நான்கு மாதங்கள் ப்ரைமர், தின்னர், மரப் பாலிஷ், எபாக்ஸி. வீட்டுக்காரர்களை அதிகம் படுத்துவது இந்தக் கடைசிக் கட்டம். ஆனால் புகார்கள் குறைவதும் அப்போதுதான். வேலை முடியப் போகிறது, பொறுத்துக்கொள்வோம் என்று தெரு தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கிறது.

ஜெனரேட்டரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். புகைக்குழாயின் உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு, அதன் கேவிஏ திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கிடைக்கும் மீட்டரைக் கூட்ட வேண்டும். முடிந்த கட்டடத்துக்கு இது நல்ல விதி, குழாய் மொட்டை மாடியைத் தாண்டிப் போய்விடும். கட்டுமான மனையில் ஜெனரேட்டர் நிற்பது வெறும் தரையில். கூட்டுவதற்குக் கட்டடமே இன்னும் எழவில்லை. அப்போது 100 கேவிஏ ஜெனரேட்டருக்கு சூத்திரம் கேட்பது 2 மீட்டர்தான், அதாவது ஆறரை அடி. தரைத்தள வீட்டின் பிளிந்த் உயரத்தையும் அதற்கு மேல் ஜன்னல் திண்டின் உயரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய அதே ஆறடி வரும். விதிக்கு முழுதாகக் கட்டுப்பட்டு நிறுத்திய ஜெனரேட்டரே பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகப் புகையை விடலாம். டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 2012-இல். அதன் பிறகும் இந்த ஆறரை அடியை யாரும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

இனி அளவுக்கு வருவோம். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர வரம்புகளில் 12 மாசுகள் இருக்கின்றன. டொலுவீன் அதில் இல்லை, சைலீன் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடும் இல்லை. பென்சீன் இருக்கிறது, ஆனால் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற அதன் வரம்பு ஆண்டுச் சராசரிக்கு மட்டுமே. ஒரு மணி நேர வரம்பு கார்பன் மோனாக்சைடுக்கும் ஓசோனுக்கும்தான் உண்டு. நம் கைப்பேசியில் பச்சை மஞ்சள் சிவப்பாகத் தெரியும் காற்றுத் தரக் குறியீடு இதைவிடச் சுருக்கமானது, அதில் 8 மாசுகள்தான். பென்சீன்கூட அதற்குள் வராது. தின்னர் நெடியில் மூச்சு முட்டும் தெருவுக்கு அந்தக் குறியீடு பச்சையையே காட்டினாலும் அது பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த கேள்வி வேறு. குறியீட்டில் உள்ள மாசுக்கும் கதி இதேதான். கணக்குக்காக ஒரு தெருவில் பிஎம் 2.5 நுண்துகள் வழக்கமாக 25 மைக்ரோகிராம் என்று கொள்வோம். ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணி நேரம் அது பத்து மடங்காகி 250-க்குப் போகிறது. 24 மணி நேரச் சராசரி என்ன வரும்? 44-க்குச் சற்றுக் குறைவு. வரம்பு 60. அந்த நாளைக் குறியீடு 'திருப்திகரம்' என்று எழுதி வைக்கும். இத்தனைக்கும் கருவி அதே தெருவில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. இருப்பதோ பல கிலோமீட்டருக்கு ஒன்று.

குறுகிய நேரத்துக்கு வரம்பு வைக்க முடியாதா என்றால், நம் நாட்டுச் சட்டமே வைத்திருக்கிறது, தொழிற்சாலைக்குள். போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த இரண்டாம் அட்டவணை, டொலுவீனுக்கும் சைலீனுக்கும் 8 மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்றும், 15 நிமிடத்துக்கு 150 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் எழுதிவைத்தது. ஒரு நாள் முழுவதன் சராசரி சரியாக இருந்தாலும் ஒரு கால் மணி நேரம் ஆளை வீழ்த்தக்கூடும் என்பது அந்த அட்டவணையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே சைலீன் மதில் சுவரைத் தாண்டி ஒரு வீட்டின் படுக்கையறைக்குள் போனால் 15 நிமிடக் கணக்கும் கிடையாது, 8 மணி நேரக் கணக்கும் கிடையாது. அந்த அறைக்குள் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்ல யாரிடமும் எண் இல்லை. அளக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லாததே அதற்குக் காரணம்.

என்னை அதிகம் உறுத்துவது அந்தப் படுக்கையறைதான். தொழிற்சாலை வரம்பு, வேலைக்குப் போகும் அளவு உடல்நலம் உள்ள பெரியவர் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பி நல்ல காற்றைச் சுவாசிப்பார் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பக்கத்து மனையில் பெயிண்ட் அடிக்கும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் யார்? அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போனவர்கள் போக மிச்சம் இருப்பது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், அவள் கைக்குழந்தை, ஆஸ்துமா பம்ப்பைத் தலைமாட்டில் வைத்திருக்கும் தாத்தா, படுத்த படுக்கையான பாட்டி. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், பெரியவர் 12 முதல் 20 முறை. உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரே அறையில் குழந்தைக்குள் போகும் காற்று பெரியவரைவிட மிக அதிகம். அந்தக் குழந்தைக்கு வீடு திரும்பும் நேரம் என்று ஒன்று இல்லை, வீடே அதுதான். ஜன்னலைச் சாத்துங்கள் என்பார்கள். ஏசி இருப்பவர் சாத்தலாம். ஒற்றை அறையும் ஒரே ஜன்னலுமாக வாடகைக்கு இருப்பவர் மே மாதத்தில் சாத்தினால் புழுக்கத்தில் என்ன ஆவார்? மேலும், நெடி உள்ளே வந்த பிறகு சாத்திய ஜன்னல் அதை வெளியே போகவும் விடாது. எப்போது வரும் என்று முந்தின நாளே தெரிந்தால் குழந்தையை உறவினர் வீட்டுக்கு அனுப்பலாம், பெரியவரை முன்னறைக்கு மாற்றலாம். முன்னறிவிப்பின் பயன் இவர்களுக்குத்தான்.

நெடி என்பது தொந்தரவுதான், நோய் இல்லை என்பது அடிக்கடி கேட்கும் பதில். மூக்குக்குப் பிடிக்காததெல்லாம் நஞ்சு இல்லை என்பது உண்மை. ஈரச் சுண்ணாம்பு வாடையால் யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. ஆனால் மூக்கை நம்பி 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லவும் முடியாது. காய்ச்சிய தாரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போய் வாடையே தெரியாது. தெருவில் அந்த அளவு வராது, தார் டாங்கின் மூடியைத் திறக்கும் தொழிலாளிக்கு வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. மொட்டை மாடியில் பூசும் இரு பாக யூரிதேன் பூச்சில் உள்ள ஐசோசயனேட்டுகள் இன்னும் மோசம். மூக்குக்குத் தெரியும் முன்பே அவை வரம்பைத் தாண்டிவிடக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளி அளவே ஆஸ்துமாவைத் தூண்டும். இதையெல்லாம் முதலில், அதிகமாகச் சுவாசிப்பவர் பூசுபவர்தான். தொழில்முறைப் பெயிண்டர் வேலையையே அதே புற்றுநோய் முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனைக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தூங்கும் சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் இரவிலும் அதே காற்று.

இதற்கெல்லாம் கட்டுப்பாடு வைத்தால் செலவு ஏறும், வீட்டு விலை ஏறும், வேலை தாமதமாகும் என்கிறது கட்டுமானத் தரப்பு. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நெடி குறைந்த வழி எல்லாமே விலை கூடிய வழி இல்லை. ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் மூன்றிலிருந்து நான்கு யூனிட் தரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட்டுக்கு டீசல் மட்டுமே 22 ரூபாயைத் தாண்டுகிறது. தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம்தான், ஆனாலும் டீசலைவிட மலிவு. ஜெனரேட்டர் ஓடுவது இணைப்பு வாங்கத் தாமதித்ததால். அந்தத் தாமதத்தின் விலையைப் பக்கத்து வீட்டு நுரையீரல் கொடுக்கிறது. டார்ச் இல்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் தார் ஷீட்டுகள் சந்தையில் இருக்கின்றன. தண்ணீர் கலந்த ப்ரைமரும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டின் ஆணைப்படி, உள்சுவருக்கான தண்ணீர் கலந்த பளபளப்பற்ற பெயிண்டில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை லிட்டருக்கு 30 கிராமுக்குள் அடக்கியது. அந்த வரம்பு 2010-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குள் வைக்க 2016-இல் விதி வந்தது. பெரிய நிறுவனங்கள் அதற்கேற்ப மாறிக்கொண்டன, தொழில் அழிந்துவிடவில்லை.

நெடி வந்த பிறகு என்ன செய்யலாம் என்று சட்டத்தைப் புரட்டினால் கிடைப்பவை இவை. காற்றைக் கெடுத்துச் சுகாதாரத்துக்குக் கேடு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-வது பிரிவில் அபராதம். அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். ஒரு பீப்பாய் தின்னரின் விலைகூட அதைவிட அதிகம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், நிபந்தனைகள் வரும். ஆனால் அது தொடங்குவது 20,000 சதுர மீட்டரில். நம் இரண்டு கிரவுண்டு மனையில் தளப்பரப்பு விகிதம் 2 என்று கட்டினால் 900 சதுர மீட்டரைக்கூட எட்டாது. பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் ஆணையிடும் அதிகாரம் ஒன்று உண்டு; பழைய 133-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தது. நல்ல ஆயுதம்தான், ஆனால் தொல்லை தொடர்ந்து இருந்தால்தான் அது வெட்டும். கேஸ் டார்ச் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும். அதிகாரி வரும் காலை 11 மணிக்குப் பெயிண்ட் காய்ந்திருக்கும். பிற்பகலில் வீசும் கடல் காற்றோ தெருவின் மேற்குப் பக்கத்துக்குத்தான் நெடியைத் தள்ளியிருக்கும், கிழக்குப் பக்கத்தார் 'எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்பார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் ஊரில் எதையும் கட்ட முடியாது என்பதால் நானும் அதைக் கோரவில்லை. தகவல் போதும். திட்ட அனுமதி எண்ணை எழுதிய பலகை மனை வாசலில் ஏற்கெனவே நிற்கிறது. அதே பலகையில் கரையான் மருந்து, தார் வேலை, யூரிதேன், கரைப்பான் கலந்த பெயிண்ட் ஆகியவற்றுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே பொருளின் பெயர், தேதி, நேரம், பொறுப்பாளரின் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுத வேண்டும் என்று அனுமதியின் நிபந்தனையாகவே சேர்த்துவிடலாம். டப்பாவோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளின் தமிழ்ச் சுருக்கத்தையும் அதன் கீழே ஒட்டலாம். இதை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு, தெருவே கண்காணிக்கும் என்பதுதான் பதில். தண்ணீர் கலந்த ப்ரைமர் என்று பலகையில் எழுதிவிட்டு லாரியில் தின்னர் பீப்பாய் இறங்கினால் அதைப் பார்க்கக் கருவி வேண்டாம், கைப்பேசி கேமரா போதும். நிர்வாக நடுவரிடம் போகும் மனுவில் 'ஏதோ நெடி வந்தது' என்று எழுதுவதற்குப் பதில் தேதியும் பொருளின் பெயரும் பொறுப்பாளரின் பெயரும் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக விரும்புபவருக்கும் இது உதவும். சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-வது பிரிவில் மனுப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற வாதத்தையும் அந்தப் பலகையின் ஒரு புகைப்படம் தீர்த்துவிடும்.