புறாவின் அடிமுதுகு சொல்லும் கதை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில் நிலாவெளியைத் தாண்டியதும் இறக்கக்கண்டி வந்துவிடும். களப்பு கடலோடு கலக்கும் வாயின்மேல் இன்று பாலம் நிற்கிறது. பாலம் இல்லாத காலத்தில் வாகனங்களையும் ஆட்களையும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். இந்தக் கரைக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பாறைத் திட்டுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அதுதான் புறாத்தீவு.

வருகிறவர்கள் பெரும்பாலும் தலையைத் தண்ணீருக்குள் விட்டபடியே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முருகைக்கற்களும் வண்ண மீன்களும் செட்டை நுனி கறுத்த சுறாக்களும் அங்கே கீழேதான் இருக்கின்றன. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த இந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்ததோ தலைக்கு மேலே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறா. இலங்கையில் மனிதர் வளர்க்காத, வளர்ப்பிலிருந்து தப்பியும் வராத காட்டு மாடப்புறாக்கள் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

பஸ் நிலையத்தில் காலில் இடறும் அதே புறாதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். உயிர்களின் கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, விளக்க வந்த சார்ல்ஸ் டார்வின் 1859இல் தன் நூலின் முதல் அத்தியாயத்தைச் சிங்கத்தையோ குரங்கையோ வைத்து எழுதவில்லை. வளர்ப்பு விலங்குகளையும் பயிர்களையும் எடுத்துக்கொண்டார். அவற்றிலும் புறாவைத்தான் மிக விரிவாக ஆராய்ந்தார். 1855இல் வீட்டிலேயே புறாக்கூடு அமைத்தார். இலண்டனின் இரண்டு புறா வளர்ப்போர் கழகங்களில் உறுப்பினராகச் சேர்ந்தார். வெள்ளை விசிறிவால் புறாவையும் ‘பார்ப்’ என்ற கறுப்பு இனத்தையும் இணை சேர்த்தார். கிடைத்த கலப்புக் குஞ்சுகளை மீண்டும் இணை சேர்த்தார். பேரக்குஞ்சு ஒன்று நீலச் சாம்பல் உடலோடும், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடும், வெள்ளை அடிமுதுகோடும் பிறந்தது. பாட்டன் பாட்டி எவரிடமும் இல்லாத நிறம் அது. பாறையில் வாழும் காட்டு மாடப்புறாவின் அசல் சீருடை. இத்தனை வளர்ப்பு இனங்களும் அந்த ஒரே காட்டுப் புறாவின் வழித்தோன்றல்கள் என்ற முடிவுக்கு இது அவருக்குப் பலமான சான்றாயிற்று.

டார்வினுக்குக் கிடைத்த புறாக்களில் நம் பக்கத்தவையும் உண்டு. சென்னை மாகாண அரசில் பணியாற்றிய வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்த அதே எலியட், இந்தியாவிலிருந்து புறாத் தோல்களை அனுப்பி உதவினார். டார்வின் தன் நூலில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். 1770இல் காலமான சையித் முகம்மது மூசாரி என்பவர் எழுதிய பழைய புறா நூலின் மொழிபெயர்ப்பையும் பின்னாளில் எலியட்தான் டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார். சென்னை மொட்டைமாடிகளில் இன்றைக்கும் கர்ணப்புறாவும் பந்தயப்புறாவும் வளர்ப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

தன் நூலின் அந்த முதல் அத்தியாயத்திலேயே டார்வின் ஒரு சிறு வேறுபாட்டைக் குறித்து வைத்தார். ஐரோப்பிய மாடப்புறாவுக்கு வாலுக்கு மேலே, அடிமுதுகில், பளிச்சென்ற வெள்ளைத் திட்டு இருக்கும். இந்தியத் துணை இனத்துக்கு அந்த இடம் வெள்ளையாக இராது, நீலச் சாம்பலாகவே இருக்கும். இலங்கையின் மாடப்புறாவும் இந்தத் துணை இனத்தைச் சேர்ந்ததே.

ஒரு திட்டு வெள்ளையாக இருந்தால் என்ன, சாம்பலாக இருந்தால் என்ன? உயிர் பிழைக்கும் விஷயமாகவே அது இருக்கக்கூடும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு குழு கண்டறிந்து 2005இல் வெளியிட்டது. அங்கே வல்லூறுகள் ஊர்ப்புறாக்களை வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் ஏழு ஆண்டுகள் உட்கார்ந்து எண்ணினார்கள். புறாக் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வெள்ளை அடிமுதுகு கொண்டது. வல்லூறிடம் பிடிபட்டவற்றிலோ நூற்றுக்கு இரண்டுதான் அப்படிப்பட்டவை. மேலிருந்து மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வல்லூறின் கண்ணை அந்த வெள்ளைத் திட்டு ஒரு கணம் தன்பக்கம் இழுக்கிறது. அதற்குள் புறா தோளைச் சரித்து விலகிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். காரணம் திட்டுத்தானா, அந்தப் புறாக்களின் வேறு ஏதாவது திறமையா? நூற்றுக்கணக்கான புறாக்களைப் பிடித்து, வெள்ளை அடிமுதுகுக்கு நீல இறகும் நீல அடிமுதுகுக்கு வெள்ளை இறகும் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். அதிர்ஷ்டம் இறகோடு சேர்ந்து இடம் மாறியது. இயற்கைத் தேர்வை இவ்வளவு கண்ணெதிரே காட்டிய சோதனைகள் குறைவு.

ஆனால் எல்லா மாற்றத்தையும் தேர்வின் கணக்கில் எழுதிவிட முடியாது. சிறு கூட்டத்தில் தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு. பை நிறைய மஞ்சாடியும் குன்றிமணியும் கலந்து கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு பத்து மணிகளை மட்டும் எடுத்தால் பைக்குள் இருந்த விகிதம் கைக்கு அப்படியே வராது; சிலசமயம் ஒரு வகை முழுக்க விடுபட்டுவிடும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் மரபணுக்களிலிருந்து இப்படித்தான் அள்ளிக்கொள்கிறது. கணக்கும் எளிது: 50 பறவைகள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் ஒரு தலைமுறைக்குத் தன் மரபணு வேறுபாட்டில் சராசரியாக நூற்றில் ஒரு பங்கை இழக்கும். 500 பறவைகள் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது வரத்து. வெளியிலிருந்து வந்து இணை சேரும் பறவை புதிய மரபணுவைக் கொண்டு வருகிறது. தலைமுறைக்கு ஒரேயொரு வரவு இருந்தால்கூட இரண்டு கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகிப் போகாது என்று சூவல் ரைட் 1931இல் கணக்கிட்டுக் காட்டினார். ரைட், ஃபிஷர், பிற்காலத்தில் இந்தியாவிலேயே குடியேறிப் புவனேசுவரத்தில் காலமான ஹால்டேன் ஆகிய மூவரும்தான் குடித்தொகை மரபியல் என்ற இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள்.

வரவு நல்லதாயிற்றே என்று தோன்றும். புறாவின் விஷயத்தில் அது சிக்கல். காட்டு மாடப்புறாவும் வீட்டுப்புறாவும் ஒரே இனம். தயக்கமின்றி இணை சேரும். கூண்டிலிருந்து தப்பி ஊர்ப்புறாவானவை பாறைக்குப் பதிலாகக் கட்டடங்களின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு பெருகுகின்றன. ஒரு காட்டுக் கூட்டத்தில் தலைமுறைக்கு 5 சதவீத மரபணு இப்படி வெளியிலிருந்து புகுந்தால், பதினான்காவது தலைமுறையில் அசல் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும். மாடப்புறா ஒரு வயதுக்குள்ளேயே முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால் பதினான்கு தலைமுறை நீண்ட காலம் அல்ல. தீவில் புறா குறைந்திருக்காது. கூடுகள் நிறைந்திருக்கும், குனுகல் கேட்கும். காட்டுப் புறாவாக மட்டும் அது இராது. துப்பாக்கியால் அழியும் இனத்துக்குப் பிணமாவது கிடைக்கும். இந்த அழிவில் அதுவும் இல்லை.

இது வெறும் கணக்கல்ல. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் காட்டு மாடப்புறா எஞ்சியிருக்கும் இடங்களை ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு வழியாகச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பல இடங்களில் வீட்டுப்புறாவின் கலப்பு தெரிந்தது. ஸ்கொட்லாந்துக்கு மேற்கே கடலில் ஒதுங்கிக் கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் மட்டும் கலப்பு இல்லையென்றே சொல்லும் அளவுக்குக் குறைவு.

ஒரு கிலோமீட்டர் கடல் புறாவுக்கு ஒரு தடையே அல்ல. சில நிமிடப் பறப்பு. ஆகவே புறாத்தீவின் வேலி கடலைவிடக் கரையில்தான் இருக்கிறது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இந்தக் கரையோரத்தில் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. சிந்திய சோறும் ஒதுங்கக் கூரை விளிம்பும் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஊர்ப்புறா வரும். வந்திருக்கிறதா என்று பார்க்கத் தூரநோக்கி போதும். வெள்ளை அடிமுதுகு, வெள்ளைச் சிறகு, செம்பழுப்பு உடல், இரண்டு தெளிவான பட்டைகளுக்குப் பதிலாகச் சிறகெங்கும் கறுப்புச் சதுரங்கள்: தீவுப் பாறையில் இவற்றில் எது தென்பட்டாலும் வீட்டுப்புறாவின் இரத்தம் கலந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். நிறம் ஒத்திருந்தாலே அசல் என்றும் ஆகிவிடாது. டார்வினின் பேரக்குஞ்சு ஐரோப்பாவில் அப்படித்தான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கும். உறுதிப்படுத்த உதிர்ந்த இறகொன்றின் தண்டு அடியில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் ஆய்வுகூடத்துக்குப் போதும். பறவையைப் பிடிக்கக்கூட வேண்டியதில்லை.