பாக்கெட்டில் கிடந்த கேசட்... ஸ்டுடியோவால் ஜெயிக்க முடியாத ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் உருவானது எப்படி?

ஒரு பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்வதற்கு முன்னாடி ‘டெமோ’ என்று ஒன்று எடுப்பாங்க. மெட்டு மறந்துவிடாமல் இருக்கவும், வாசிப்பவர்களுக்குப் போட்டுக் காட்டவும் எடுக்கிற கரடுமுரடான பதிவு அது. உண்மையான பதிவு முடிந்ததும் அதை யாரும் தேட மாட்டார்கள்.

அந்த டெமோவையே ஆல்பமாக வெளியிட்டவர் அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். ஆல்பத்தின் பெயர் ‘நெப்ராஸ்கா’. வெளியான நாள் 1982 செப்டம்பர் 30. 43 வருஷம் கழித்து, 2025 அக்டோபரில் அந்தப் பதிவின் கதையை வைத்தே ‘ஸ்ப்ரிங்ஸ்டீன்: டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. ஜெரமி ஆலன் ஒயிட் ஸ்ப்ரிங்ஸ்டீனாக நடித்திருந்தார்.

ஒரு படுக்கையறைப் பதிவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

காசு இல்லாமல் எடுத்த ஆல்பமா?

இல்லை. இந்தக் கதையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான்.

1980-ல் வந்த ‘தி ரிவர்’ ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கு பில்போர்டு பட்டியலில் முதல் நம்பர் 1 இடத்தை வாங்கிக் கொடுத்தது. அதன் ‘ஹங்க்ரி ஹார்ட்’ பாடல் டாப் 10-க்குள் போனது. 1981 செப்டம்பர் வரை நீண்ட சுற்றுப்பயணம். பின்னால் வாசிக்க ‘இ ஸ்ட்ரீட் பேண்ட்’ என்ற பெரிய குழு. கொலம்பியா மாதிரி ஒரு ரெக்கார்டு கம்பெனி. அடுத்து என்ன கொடுத்தாலும் விற்கும் என்கிற நிலைமை.

அந்த நேரத்தில் அவர் நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பயணம் முடிந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது, வீட்டில் யாரும் இல்லை. ஊர் சுற்றிக்கொண்டே இருந்தவருக்கு இந்த அமைதி ஒத்துவரவில்லை. ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு, சின்ன வயதில் குடியிருந்த ஃப்ரீஹோல்ட் வீடுகளின் முன்னால் போய்விட்டு வருவாராம். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

டெமோ எடுக்க நினைத்ததற்குக் காரணம் மட்டும் ரொம்ப சாதாரணமானது. ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்து பாட்டு எழுதுவது அவர் வழக்கம். அதில் மாதக்கணக்கில் நேரமும் பணமும் கரைந்தன. இந்த முறை வீட்டிலேயே எழுதி, டெமோ எடுத்து, குழுவிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். அவ்வளவுதான் திட்டம்.

அந்த மெஷின் என்ன?

அவருடைய கிதார் டெக்னீஷியன் மைக் பாட்லன் வாங்கி வந்தது டியாக் கம்பெனியின் ‘டாஸ்காம் 144 போர்ட்டாஸ்டுடியோ’. 1979-ல் சந்தைக்கு வந்த கருவி.

கேசட் வைத்துப் பாட்டு கேட்டவர்களுக்கு ஏ சைடு, பி சைடு நினைவிருக்கும். ஒரு பக்கத்துக்கு இடது, வலது என்று 2 தடங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 4. போர்ட்டாஸ்டுடியோ செய்த வேலை என்னவென்றால், அந்த 4 தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. முதல் தடத்தில் கிதாரும் இன்னொன்றில் குரலும் பாடி முடித்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே மூன்றாவதில் ஹார்மோனிகா, நான்காவதில் இன்னொரு குரல் என்று அடுக்கலாம். கேசட்டைத் திருப்பிப் போட முடியாது. சத்தம் கொஞ்சம் தெளிவாக இருக்க டேப் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஆக, 60 நிமிட கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும்.

அதுவரை இப்படி அடுக்கிப் பதிவு செய்வதற்குப் பெரிய மெஷின்கள் வேண்டும். இப்போது அது ஒரு மேஜை மேல் வந்துவிட்டது.

1981 டிசம்பர், 1982 ஜனவரி. படுக்கையறையில் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக். பாட்லன் கிதாருக்கு ட்யூனிங் பார்ப்பவர், ரெக்கார்டிங் இன்ஜினியர் இல்லை. ஸ்ப்ரிங்ஸ்டீனும் இல்லை. பெரும்பாலான பாடல்கள் ஜனவரி 3-ம் தேதி ஒரே நாளில் முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. நான்கு தடங்களையும் கலந்து இன்னொரு கேசட்டில் இறக்க வேண்டுமே? அதற்குக் கிடைத்தது ஒரு பழைய பானாசோனிக் பூம்பாக்ஸ். அதுவும் ஒருமுறை தண்ணீரில் நனைந்து செத்துப்போய், பிறகு தானாக உயிர் பெற்றது! நடுவில் ‘எக்கோப்ளெக்ஸ்’ என்ற எதிரொலிக் கருவி. இந்த ஆல்பம் முழுக்க, யாரோ தூரத்தில் ஒரு காலி வீட்டுக்குள் நின்று பாடுவது போலக் கேட்கிறதே, அது இந்தக் கருவியின் வேலை.

வேலை முடிந்ததும் மேனேஜர் ஜான் லாண்டவுக்கு டேப்பையும், பாட்டுக்குப் பாட்டு குறிப்புகள் எழுதிய கடிதத்தையும் அனுப்பினார். மூல கேசட் அவருடைய பாக்கெட்டிலேயே வாரக்கணக்கில் கிடந்தது. அதற்கு ஒரு டப்பாகூட இல்லை.

பாட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

தலைப்புப் பாடலில் பேசுபவன் ஒரு கொலையாளி. சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயது இளைஞன், 1957 இறுதியிலும் 1958 ஜனவரியிலுமாக நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் 11 பேரைக் கொன்றான். 14 வயதுச் சிறுமி ஒருத்தியும் உடனிருந்தாள். 1959-ல் அவனுக்கு மின்சார நாற்காலியில் மரண தண்டனை. இந்தச் சம்பவத்தைத் தழுவி டெரன்ஸ் மாலிக் எடுத்த ‘பேட்லேண்ட்ஸ்’ (1973) படத்தை டிவியில் பார்த்த ஸ்ப்ரிங்ஸ்டீன், வழக்கைத் தேடிப் படித்தார். அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளருக்கு போன் போட்டுப் பேசினார். முதலில் படர்க்கையில் எழுதியதைப் பிறகு ‘நான்’ என்று மாற்றினார்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பாத்திரத்தின் வாயிலாகவே கவிஞர் பேசுவது நம்மிடம் சங்க காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் 11 பேரைக் கொன்றவனின் கூற்றைக் கோபமோ மன்னிப்போ இல்லாமல் மெல்லிய குரலில் பாடுவது, 1982-ல் ராக் ரசிகர்கள் எதிர்பார்த்த விஷயம் இல்லை.

‘ஜானி 99’-ல் வருபவன் கார் தொழிற்சாலை மூடியதால் வேலை இழந்தவன். நியூ ஜெர்சியின் மாவா ஊரில் ஃபோர்டு ஆலை 1980-ல் நிஜமாகவே மூடப்பட்டது. குடித்துவிட்டு ஒருவரைச் சுட்டுவிடுகிறான். தண்டனை 99 வருஷம். ‘அட்லாண்டிக் சிட்டி’-யில் வருபவன் கடனாளி. சூதாட்ட விடுதிகள் புதிதாகத் திறந்த ஊருக்குக் காதலியைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறான், ஒரு தப்பான வேலைக்கு ஒத்துக்கொள்கிறான். 1981 மார்ச்சில் பிலடெல்பியா மாஃபியா தலைவர் ஒருவர் வீட்டு வாசலில் குண்டு வெடித்துச் செத்தது அந்தப் பாட்டின் முதல் வரியிலேயே செய்தியாக வருகிறது. ‘ஹைவே பேட்ரோல்மேன்’-ல் தம்பி குற்றவாளி, அண்ணன் போலீஸ். துரத்திப் போகும் அண்ணன், எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடுகிறான்.

ஆல்பம் வந்த நேரத்தையும் பார்க்கணும். ரீகன் அதிபர். 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு அதுவரை இல்லாத உயரம். பாட்டுகளில் வருகிறவர்கள் இந்தக் கணக்குக்குள் இருந்தவர்கள்தான். கவனித்துக் கேட்டால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ‘சார்’. கொலைகாரனும் போலீஸ்காரனும் சின்னப் பையனும் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் நின்று பதில் சொல்வது போலவே பேசுகிறார்கள். அந்த ‘சார்’ யார் என்று ஒரு பாட்டிலும் சொல்லப்படுவதில்லை. என்னைக் கேட்டால், மொத்த ஆல்பத்தையும் கட்டிப்போடுவது இந்த ஒற்றைச் சொல்தான்.

சரி, ஸ்டுடியோவில் என்ன தப்பா போச்சு?

தப்பாக எதுவும் போகவில்லை. அதுதான் சிக்கல்.

1982 ஏப்ரலில் நியூயார்க்கின் ‘பவர் ஸ்டேஷன்’ ஸ்டுடியோவில் முழுக் குழுவும் கூடியது. நல்ல வாத்தியக்காரர்கள், நல்ல கருவிகள். டெமோ டேப்பில் இருந்த சில பாட்டுகள் அங்கே அப்படியே பற்றிக்கொண்டன. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ அதில் ஒன்று. ஆம், உலகமே கேட்ட அந்தப் பாட்டும் இதே படுக்கையறைக் கேசட்டில்தான் இருந்தது.

மற்ற பாட்டுகளில் டிரம்ஸ் ஏற ஏற, பாடுகிற ஆள் காணாமல் போனார். தனியாக இருப்பவன் பேசுவதாக எழுதிய பாட்டில், சுற்றி ஐந்தாறு பேர் வாசித்தால் அவன் தனியாள் இல்லையே. பிறகு ஸ்ப்ரிங்ஸ்டீன் மட்டும் தனியாக ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தது, ஆனா அந்த அறை இல்லை. கடைசியில் பாக்கெட்டில் இருந்த கேசட்டை எடுத்து, இதையே வெளியிடலாமா என்று கேட்டார்.

சுலபமான வேலை இல்லை அது. கேசட்டில் பதிவான ஒலி மிகவும் மெல்லியது, இரைச்சலும் அதிகம். இசைத்தட்டாக வெட்டும்போது ஊசி சரியாக ஓடவில்லை. இன்ஜினியர் டோபி ஸ்காட்டும் தயாரிப்பில் இருந்த சக் பிளாட்கினும் அதற்காகப் பல இடங்களில் முயற்சி செய்தார்கள். ஒரு கட்டத்தில், இசைத்தட்டே வேண்டாம், கேசட்டாக மட்டும் வெளியிடலாம் என்ற பேச்சுகூட வந்தது. கடைசியில் அட்லாண்டிக் ஸ்டுடியோவின் டென்னிஸ் கிங், ஒலி அளவைக் குறைத்து வெட்டி அதைச் சாத்தியமாக்கினார். ஒரு நாள் பதிவைத் தட்டில் ஏற்ற இத்தனை பாடு!

மொத்தம் 10 பாடல்கள். அதில் ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ மட்டும் சில மாதங்கள் கழித்து, அதே பாணியில் பதிவானது.

விற்றதா?

சுற்றுப்பயணம் கிடையாது. அட்டையில் அவர் முகம் இல்லை. டேவிட் மைக்கேல் கென்னடி வண்டிக் கண்ணாடி வழியாக எடுத்த கறுப்பு வெள்ளைச் சாலை, அதன்மேல் சிவப்பு எழுத்து. ‘அட்லாண்டிக் சிட்டி’ வீடியோவிலும் அவர் தலைகாட்டவில்லை. எம்டிவி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆன நேரத்தில் இதையெல்லாம் செய்தார். அப்படியும் பில்போர்டில் 3-ம் இடம் வரை போனது.

அவருக்கு இது வெறும் கலை முடிவாக மட்டும் இருக்கவில்லை. ஆல்பம் முடிந்ததும் நண்பருடன் காரில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்பினார். வழியில் டெக்சாஸின் ஒரு சின்ன ஊர்த் திருவிழாவில் ஜனங்கள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தவருக்கு, அந்தக் கூட்டத்தில் தான் ஒருபோதும் சேர முடியாது என்ற எண்ணம் வந்து உள்ளுக்குள் உடைந்துபோனார். லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்ததும், லாண்டவின் உதவியோடு மனநல சிகிச்சைக்குப் போகத் தொடங்கினார். 2016-ல் எழுதிய சுயசரிதையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்பா டக்ளஸுடனான கசப்பு, சின்ன வயது வீடு, எல்லாம் ‘நெப்ராஸ்கா’ பாட்டுகளில் வேறு ஆட்களின் பெயரில் ஏற்கனவே இருந்தவைதான்.

அப்புறம் யார் யாரைத் தொட்டது?

வெளியான மறுவருஷமே, 1983-ல், ஜானி கேஷ் இதிலிருந்து இரண்டு பாட்டுகளைப் பாடினார். ஆல்பத்துக்கே ‘ஜானி 99’ என்று பெயர் வைத்தார். 1991-ல் நடிகர் ஷான் பென் முதன்முதலாக இயக்கிய ‘தி இந்தியன் ரன்னர்’, அந்தப் போலீஸ் அண்ணன் பாட்டை விரித்து எழுதிய படம். 2000-ல் சப் பாப் நிறுவனம் மொத்த ஆல்பத்தையும் பல கலைஞர்களைப் பாட வைத்து வெளியிட்டது.

அரசியலிலும் ஒரு எதிரொலி உண்டு. 1984 செப்டம்பரில், தேர்தல் பிரசாரத்துக்கு நியூ ஜெர்சி வந்த ரீகன், நம்பிக்கையூட்டும் பாடகர் என்ற அர்த்தத்தில் ஸ்ப்ரிங்ஸ்டீன் பெயரை மேடையில் இழுத்தார். சில நாள் கழித்து பிட்ஸ்பர்க் கச்சேரியில் ஸ்ப்ரிங்ஸ்டீன் அதைக் குறிப்பிட்டு, அதிபர் எந்த ஆல்பத்தைக் கேட்டாரோ, ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்ற பொருளில் சொல்லிவிட்டு, ‘ஜானி 99’ பாட ஆரம்பித்தார்.

வீட்டில் பதிவு செய்து நேரடியாக வெளியிடுவதற்கு இந்த ஆல்பம்தான் ஆரம்பம் என்று சிலர் எழுதுவார்கள். அது மிகை. பால் மெக்கார்ட்னி 1970-லேயே தன் முதல் தனி ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டில்தான் எடுத்தார். ‘நெப்ராஸ்கா’ செய்தது வேறு: டேப் இரைச்சலையும் அறையின் வெறுமையையும் குறையாக இல்லாமல் பாட்டின் பகுதியாகக் கேட்கக் காதுகளைப் பழக்கியது. இன்றைக்கு லேப்டாப்பில் ஆல்பம் முடிக்கிறவர்களிடம் கேட்டால் இந்தப் பெயர் அடிக்கடி வரும்.

கடைசியாக ஒன்று. பவர் ஸ்டேஷனில் குழுவோடு எடுத்த அந்தப் பதிவுகளை ‘எலக்ட்ரிக் நெப்ராஸ்கா’ என்று சொல்லி ரசிகர்கள் பல வருஷம் தேடினார்கள். 2025 அக்டோபரில் அவையும் விரிவாக்கப்பட்ட பதிப்பில் வெளிவந்துவிட்டன. சந்தேகம் இருப்பவர்கள் ‘அட்லாண்டிக் சிட்டி’யை முதலில் குழுவோடும், பிறகு கேசட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஹெட்போன் போட்டால் நல்லது.