லோக்கலில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, மழை வலுத்தாலே ஏரியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் தேடுவது சென்னைவாசிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படியொரு நீர்மட்டப் பக்கத்தை ஒருவர் புதிதாக உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மக்கள் பார்க்கும் ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஏற்றியதும் ‘செம்பரம்பாக்கம்’ இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக 15 கேள்விக்குறிகள். ஏரியின் படம் வரவில்லை. வெள்ள பயத்தில் இரவு 2 மணிக்குத் திறப்பவருக்கு முந்தைய நாளின் தேதி தெரிகிறது. “லோக்கல்ல ஓடுதே” என்பார் எழுதியவர். அவர் சொல்வது உண்மை. அதுதான் முதல் துப்பும்கூட. ஒரே நிரல் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் ஓடவில்லை என்றால், அந்த இரண்டு இடங்களும் எதிலோ வேறுபடுகின்றன. நிரலை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த வேறுபாட்டைத்தான் தேட வேண்டும்.

மேலே சொன்ன மூன்றையும் அப்படியே தேடலாம். ‘செம்பரம்பாக்கம்’ நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 15. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் உலக மொழிகளுக்கான எழுத்து முறையை இயல்பாக ஏற்றது. அதற்கு முந்தைய பதிப்புகளில், நாமாக மாற்றாவிட்டால் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான முறைதான் இருக்கும். அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். லேப்டாப்பில் புதிய பதிப்பு, சர்வரில் பழையது. படம் வராததற்குக் காரணம் இன்னும் எளிது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று லேப்டாப்பில் உள்ள விண்டோஸ் பார்ப்பதில்லை, சர்வரில் உள்ள லினக்ஸ் பார்க்கும். தேதிக் குழப்பம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய சர்வதேச நேரத்தில் சர்வர் இருப்பதால் வருவது. விடியற்காலை 5.30 வரை அதற்கு அது நேற்றுதான்.

பெரிய நிறுவனங்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வர்த்தக நிறுவனம் 2012-இல் தன் 8 சர்வர்களில் 7-இல் மட்டும் புதிய நிரலை ஏற்றியது. எட்டாவதில் பழையதே கிடந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்து 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. தவறு புதிய நிரலில்தான் என்று நினைத்து, ஒழுங்காக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இழப்பு இன்னும் பெருகியது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்தக் கணினி அமைப்பு பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சுமையைத் தாங்குமா என்ற சோதனை இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே நடந்திருந்தது என்று பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அப்படியானால் சர்வரைப் போலவே அச்சு அசலாக இன்னொன்றை வைத்துச் சோதித்துவிடலாமே என்று கேட்கலாம். முடிந்த அளவுக்குச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மக்களின் சொந்தத் தகவல்களைச் சோதனைக்கு அள்ளிக் கொடுக்க முடியாது. கூட்டத்தையும் முழுதாக நகலெடுக்க முடியாது. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதைக் கடந்தவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியபோது நாடே ஒரே நேரத்தில் அங்கே போய் நின்றது. பலருக்குப் பிழைச் செய்திதான் கிடைத்தது. எவ்வளவு சோதித்தாலும் சில பிழைகள் நேரடி சர்வரில்தான் முதலில் தலைகாட்டும். அதனால்தான் லாக் பதிவு அவசியமாகிறது: எந்த நொடியில், எந்த வரியில், என்ன பிழை என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு அது. பிழையின் முழு விவரத்தையும் பக்கத்திலேயே காட்டச் செய்வது சுலபம், ஆனால் ஆபத்து. கோப்புகளின் இருப்பிடமும் சில சமயம் கடவுச்சொல்லும் ஊருக்கே தெரிந்துவிடும்.

மக்கள் தவிக்கும்போது ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமேது, சர்வரிலேயே கை வைத்துச் சரிசெய்தால் என்ன என்பது இன்னொரு வாதம். அவசரம் நியாயமானது. அதற்கு வழி, நேற்றுவரை ஓடிய பதிப்புக்குத் திரும்புவது. அதையும் எந்த சர்வரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும். யாருக்கும் சொல்லாமல் சர்வரில் நேரடியாகச் செய்யும் திருத்தம், அடுத்த பிழைக்கான புதிய வேறுபாட்டை உண்டாக்கிவிட்டுப் போகும்.

இதில் பயன்படுத்துபவருக்கும் ஒரு பங்கு உண்டு. ரேஷன், வரி, மின்கட்டணம் என்று எந்தத் தளத்தில் பிழை வந்தாலும் “சைட் ஓடலை” என்பதோடு புகாரை முடித்துவிடாதீர்கள். பிழைச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கைப்பேசியா கணினியா என்பதையும், பிழை வந்த நேரத்தை நிமிடம் தவறாமலும் சேர்த்து எழுதுங்கள். லட்சக்கணக்கான வரிகள் உள்ள லாக்கில் உங்களுடைய வரியைக் கண்டுபிடிக்க அந்த நேரம்தான் வழி.